பொன்னாச்சி குடி

சித்தி பரீதா என்பவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பெயர் பொன்னாச்சி. வீட்டு வளவின் பின்கோடியில் தலையில்லாமல் நின்ற தென்னையின் பொந்துக்குள் சீவியம் நடத்திய மரங்கொத்தி அது. முதுகு முழுக்கப் பொன். தலையில் சிவப்புக் கொண்டை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வரும் அவள் புருசன் கலீலுர் றஹ்மான் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கியதும் நேரே அதனிடம்தான் போவார். பெண்சாதி குசினிக்குள் பச்சை விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மனுசன் அண்ணாந்து பார்த்து ஒரு குருவிக்குச் சிரிப்புக் காட்டிக்கொண்டு நின்றால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? "போங்க, உங்கட பொன்னாச்சி காத்துக்கொண்டு நிக்கிறா" என்று ஒரு நாள் எரிச்சலில் சொல்லிவிட்டாள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்துப்போனதில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வெள்ளைக்காரன் திருகோணமலையில் கப்பல்தளம் வைத்திருந்த காலத்தில் கலீலுர் றஹ்மான் அங்கே கப்பற்பாய் தைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் போகும்போது கப்பல்களைக் கொண்டுபோனான். இவர் ஒரு தகரப் பெட்டி நிறைய ஊசியும், உள்ளங்கையில் மாட்டும் தோல் உறையும், கயிற்றுத் துண்டுகளும் கொண்டு கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தார். லொறிக்காரருக்குச் சாமான் மூடுகிற படங்கு தைத்துக் கொடுப்பது அதன்பின் தொழிலாயிற்று. மிஞ்சிய துண்டுகளெல்லாம் வளவுக்குப் போயின.

மாதுளையில் கயிற்றுப் பின்னலுக்குள் ஒரு உடைந்த பீங்கான் கோப்பை தொங்கியது. அது குருவிகளுக்குத் தண்ணீர். சிரட்டைகளைக் கோத்துச் செய்த மாளிகையில் சிட்டுக்குருவிகள். படங்குத் துண்டைச் சுருட்டித் தைத்த குழாய்க்குள் அணில். தார் மணக்கும் கப்பற்கயிறு ஒன்றை முருங்கையிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஏணிபோலப் பின்னிவிட்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்டால், விருப்பமான ஆக்கள் பாவிக்கட்டும் என்பார். எண்ணெய்த் தகரங்களில் வல்லாரை வைத்திருந்தார். மற்றதெல்லாம் தானாக முளைத்தது. தானாக முளைத்ததை அவர் பிடுங்குவதில்லை. கோவைக்கொடியும் பிரண்டையும் வேலியில் போட்டிக்கு ஏறின. உயரத்துப் பப்பாசிப் பழம் குருவிகளுக்கு, கையெட்டுவது வீட்டுக்கு. சருகைக் கூட்டிக் கொளுத்தப் போனால் ஓடிவந்து தடுப்பார், அதற்குள் ஆக்கள் இருக்கிறார்களாம். தேளும் பூரானும்தான் அந்த ஆக்கள் என்பது சித்தி பரீதாவின் கட்சி. யாராவது வாசலில் வந்து நின்றுவிட்டால் போதும், வளவு முழுக்கச் சுற்றிக் காட்டி, இதற்குள் இன்னார் குடி, அதற்குள் இன்னார் குடி என்று பேர் சொல்லிக்கொண்டே போவார். படங்கு தைக்கக் கொடுக்க வந்த லொறிக்காரன் படங்கை மறந்துவிட்டுப் போன கதையும் உண்டு.

அந்தத் தென்னை அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் தலையைப் பறிகொடுத்தது. ஊரில் எத்தனையோ தென்னைகள் அப்படி நின்றன. மற்றவர்கள் தறித்து விறகாக்கினார்கள். கலீலுர் றஹ்மான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அதற்குள் பொன்னாச்சி வந்து கொத்தித் துளைத்துக் குடிபூந்துவிட்டாள். பிறகு பேச்சே இல்லை. மொட்டை மரம் வாசலுக்கு நேரே தெரிகிறது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சித்தி பரீதா கத்தியபோது, நாலு நாள் உட்கார்ந்து அந்த மரத்துக்குப் படங்கில் ஒரு சட்டை தைத்துப் போட்டார். கழுத்துக்குக் கயிற்றில் பூப்பின்னல், கீழே குஞ்சம். பொந்துக்கு மட்டும் சன்னல் விட்டிருந்தார். அதன்பின் மொட்டை மரமாக இருந்தது, சட்டை போட்ட மொட்டை மரமாக நின்றது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மகள் நஜ்முன் நிஸாவுக்குச் சம்பந்தம் பேசி வந்ததோடுதான் பொறுமை போயிற்று. கலியாணம் முடிந்தால் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்குவார்கள். அது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெண்ணைப் பார்ப்பது ஒரு கண்ணால், வளவைப் பார்ப்பது மறு கண்ணால். சின்ன வீட்டுக்கும் அவள் இடம் பார்த்து வைத்திருந்தாள். அந்தத் தென்னை நின்ற இடம்.

மாப்பிள்ளை ஜெமீல், மூதூரில் சங்கக்கடை மனேச்சர். தரகர் ஸெய்னுதீன் கொண்டுவந்த சம்பந்தம். தரகர் கொண்டுவருமுன்பே நஜ்முன் நிஸா அவனை ஒரு தரம் பாதையில் கண்டிருந்தாள். பாதை என்று ஊரார் சொல்வது துறையைக் கடக்கிற மிதவையை. கச்சான் காற்றில் பறந்த அவள் குடையைத் தண்ணீரில் விழாமல் எட்டிப் பிடித்தவன் அவன். குடையைக் கொடுத்துவிட்டு, கம்பி வளைந்துவிட்டது என்று தானே வளைத்தவன்போல வருத்தப்பட்டானாம். வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்ற பிள்ளை இந்தப் பேர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தேங்காய் திருவினாள். தேங்காய் தேவைக்கு மேலே திருவப்பட்டதில் தாய்க்கு விசயம் விளங்கிவிட்டது.

பெண் பார்க்க நாள் குறித்ததும் சித்தி பரீதா ஆலங்கேணிச் சின்னராசாவைக் கத்தி கோடாலியோடு வரச் சொன்னாள். அவன் வந்து முன்பக்கத்தைச் செதுக்கி வெறும் மணலாக்கினான். கலீலுர் றஹ்மான் அதை விட்டுக்கொடுத்தார். சின்னராசா பின்பக்கம் போனபோது மட்டும் ஒரு கதிரையைக் கொண்டுபோய்த் தென்னையடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்த சின்னராசா, மரத்தையென்றால் தறிக்கலாம், முதலாளியைத் தறிக்க ஏலாது என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். சித்தி பரீதா அன்று போட்ட சத்தம் துறையடியில் கேட்டதாம். அவளுடைய தொண்டை அப்படி. அவள் கூப்பிட்டால் பாதைக்காரன் நின்றுவிடுவான், ஊரில் வேறு யாரும் கைதட்ட வேண்டி இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா முஹம்மது தம்பி, சாதுவான மனுசன், இனிப்பென்றால் உயிர். கூட இரண்டு பெண்கள். நடுவில் அசனா. அசனா மாப்பிள்ளைக்குச் சாச்சி, தாயின் தங்கச்சி. தாய் மௌத்தான பின் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவளுடைய பிறந்த ஊர் தெற்கே ஓட்டமாவடிப் பக்கம். அங்கே குடி பார்க்காமல் ஒரு கலியாணமும் நடப்பதில்லை. குடி என்பது தாய்வழி. ஒரு குடிக்குள் பிறந்தவர்கள் எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கச்சி. அவர்களுக்குள் கலியாணம் நினைக்கவும் கூடாது. சித்தி பரீதாவின் வீட்டில் யாருக்கும் தங்கள் குடி ஞாபகம் இல்லை. அதெல்லாம் விசாரித்தாயிற்று, ஒரு பிழையும் இல்லை என்று ஸெய்னுதீன் இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார். அவர் விசாரித்தது எவரிடம் என்று அவருக்கே தெரியாது.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னே இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. முஹம்மது தம்பி இரண்டாம் துண்டுக்கு வந்தபோது, அசனா காற்றுக்காக எழுந்து பின்வளவுப் பக்கம் போனாள். அங்கே கலீலுர் றஹ்மான் தென்னைக்கு மாட்டிய சட்டையின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். விருந்தாளி வரும்போது மரமும் துப்பரவாக இருக்க வேண்டாமா?

அசனா சட்டை போட்ட மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் விளங்காததால் அதைப்பற்றிக் கேட்காமல், வந்த காரியத்தைக் கேட்டாள். கேட்கும்போது வீட்டுப் பக்கம் நாடியை உயர்த்தினாள். வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் தென்னை நின்றது.

"இஞ்ச என்ன குடி?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவரிடம் தாமாகக் கேட்டதில்லை. கலீலுர் றஹ்மானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பொன்னாச்சி குடி."

அசனாவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "பொன்னாச்சி குடியா? வடிவாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? புயலுக்குப் பிறகு இதுதான். பிள்ளை குட்டி எல்லாம் இஞ்சதான் பெத்தவ. நான் தினம் பாக்கிறனான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. உள்ளே போனாள். சித்தி பரீதா குசினி வாசலில் கோழிக்கறிச் சட்டியோடு நின்றாள். அசனா அவளுடைய இரண்டு கையையும், சட்டியோடு சேர்த்து, பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி," என்றாள்.

எவ்வளவு அன்பான சொல். சித்தி பரீதாவும் ஒரு கணம் மகிழ்ந்துதான் போனாள். வந்ததிலிருந்து 'மதினி, மதினி' என்று அழைத்தவள் தங்கச்சி என்கிறாளே என்று யோசிப்பதற்குள் அசனா முற்றத்துப் பக்கம் திரும்பி, எல்லாரையும் எழும்பச் சொன்னாள். இது நம்முடைய குடி, இந்தப் பிள்ளை ஜெமீலுக்குத் தங்கச்சி, அல்லாஹ் நேரத்தோடு காட்டித் தந்தான் என்றாள். முஹம்மது தம்பியின் கை வட்டிலப்பத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஸெய்னுதீன் செருப்பைத் தேடினார்.

எந்தப் பாவி சொன்னது என்று சித்தி பரீதா கேட்க, பெண்ணைப் பெற்ற வாப்பாவே சொன்னார், பொன்னாச்சி குடியாம் என்று பதில் வந்தது. சித்தி பரீதா சட்டியைக் கீழே வைத்தாள். பொன்னாச்சி என்பது குடி இல்லை, குருவி என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை சில நேரம் பொய்யைவிட மோசமாகக் காதில் விழும். அசனாவின் முகம் கறுத்தது.

"எங்கட குடிப்பேரக் குருவிக்கு வச்சீங்களா, இல்லாட்டி எங்களப் பகிடி பண்றீங்களா? அப்ப உங்கட குடி என்ன, சொல்லுங்க பாப்பம்."

தெரிந்தால்தானே சொல்வதற்கு? சித்தி பரீதா ஸெய்னுதீனைப் பார்த்தாள், அவர் செருப்பு கிடைத்துவிட்டதால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் நஜ்முன் நிஸா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். தாய் உள்ளே வந்ததும் ஏறிட்டுப் பார்த்தாள். "உம்மா, வாப்பாவ ஏசிப்போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். ஏசுவதற்குச் சித்தி பரீதாவிடம் எத்தனையோ சொல் கைவசம் இருந்தது. அத்தனையும் அந்த ஒரு சொல்லில் நின்றுபோயிற்று. இந்தப் பிள்ளைக்கு இந்த இடம் போனால் இனி ஒரு இடம் வந்தாலும் அது இந்த இடமாகாது என்று அவளுக்குத் தெரியும்.

முஹம்மது தம்பிதான் வழி சொன்னார். வட்டிலப்பத்தை முடித்து, விரலையும் துடைத்துவிட்டு, தெரியாத குடியால் ஒரு குற்றமும் இல்லை, ஒரே குடி என்று தெரிந்தால்தான் குற்றம். ஆகவே அது குருவிதான் என்று கண்டுவிட்டால் பேச்சைத் தொடரலாமே என்றார். அசனா யோசித்தாள். அவளுக்கும் பிள்ளையைப் பிடித்திருந்தது. சரி, குருவியைக் காட்டுங்கள் என்றாள்.

கதிரைகளெல்லாம் பின்வளவுக்குப் போயின. கலீலுர் றஹ்மான் மகிழ்ச்சியோடு அசனாவைத் தான் தைத்த படங்கு ஊஞ்சலில் உட்காரவைத்தார். தன்னால் என்ன நடந்தது என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியிருந்தது; ஆனாலும் வளவைப் பார்க்க இவ்வளவு பேர் ஒரேயடியாக வந்ததில்லை என்பதையும் அவரால் மறக்க ஏலவில்லை. சத்தம் போடக்கூடாது, அவ வெளியே தீனி தேடப் போயிருப்பா, வந்துவிடுவா என்றார்.

பொன்னாச்சி வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தார்கள். அணில் குழாயிலிருந்து இறங்கிக் கப்பற்கயிற்று ஏணியால் ஓடியது. தேன்சிட்டு ஒன்று அசனாவின் முக்காட்டுப் பூவேலையை நிசப் பூவென்று நினைத்து வந்து ஏமாந்து போனது. பிறகு சருகுக் குவியல் சலசலத்தது. பெரிய உடும்பு ஒன்று, தன் வீட்டில் யார் இவர்கள் என்பதுபோல நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கதிரைகளுக்கு நடுவால் நடந்து போயிற்று. பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஸெய்னுதீன் கதிரைமேல் ஏறி நின்றார். அசனா மட்டும் அசையவில்லை.

"இதுவும் குடியா?"

"இல்ல. இவர் வந்து போற ஆள்," என்றார் கலீலுர் றஹ்மான்.

வெயில் சாய்ந்தது. கச்சான் நின்று, வளவுக்குள் பப்பாசிப் பழ மணம் இறங்கியது. இரண்டு தரம் தேத்தண்ணி வந்தது. ஊஞ்சல் தைத்த தையலை அசனா விரலால் தடவிப் பார்த்தாள். இது எப்படி இவ்வளவு நேராக வருகிறது என்று கேட்டாள். அவர் தோல் உறையைக் கொண்டுவந்து காட்டினார். ஆனால் அதற்கெல்லாம் கலியாணம் நடக்காது. வாசலில் கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். இருட்டுமுன் பாதையைப் பிடிக்காவிட்டால் துறையிலேயே கிடக்க வேண்டும் என்று ஆள் வேறு அனுப்பினான். முஹம்மது தம்பி பெருமூச்சு விட்டுக்கொண்டு எழும்பினார். அசனாவும் ஊஞ்சலிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

கலீலுர் றஹ்மான் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மரத்துச் சட்டையின் குஞ்சத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி சித்தி பரீதா கண்டதில்லை. நாளைக்கு இந்த மனுசன் தன் கையாலேயே தென்னையைத் தறித்துவிடுவார் என்று அவளுக்குப் பட்டது. இத்தனை வருசம் அவள் கேட்டதும் அதைத்தான். இப்போது அது வேண்டாமென்றிருந்தது.

கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள். தென்னையின் மறுபக்கத்தில், கிணற்றடியிலிருந்து மட்டும் தெரிகிற இடத்தில், பொன்னாச்சி. சட்டையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, போகிறார்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி பரீதாவின் தொண்டைக்குள் ஒரு பெருஞ்சத்தம் எழும்பி வந்தது. துறையடிவரை கேட்கும் சத்தம். விட்டால் முடிந்தது; குருவி துறைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். வந்த சத்தத்தை அவள் விழுங்கினாள். தண்ணீரில்லாமல் மாத்திரை விழுங்குவது மாதிரி இருந்தது. கோப்பைகளை ஒவ்வொன்றாக மணலில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். அசனாவின் பின்னால் மெல்லப் போய், தோளைத் தொட்டு, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வளவில் ஒருவரும் கேட்டிராத குரலில் காதுக்குள் சொன்னாள்:

"அசையாதீங்க. என்னோட வாங்க. அந்தா, பொன்னாச்சி."

கலீலுர் றஹ்மானுக்கு அது கேட்டது. குருவியைப் பார்க்காமல் அவர் பெண்சாதியைப் பார்த்தார்.

இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்கள். பொன்னாச்சி பார்த்தாள். பிறகு, இவர்களால் தன் வேலை கெடக்கூடாது என்று தீர்மானித்தவள்போல், மரத்தில் தத்தித் தத்தி மேலேறினாள். சாய்ந்த வெயில் முதுகில் பட்டது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் எழுந்தது. தீனியைக் கொடுத்தாள், கொண்டையைச் சிலிர்த்தாள், கீழே நின்றவர்களைப் பார்த்து ஒரு பெரிய கூச்சல் போட்டுவிட்டுப் பறந்தாள்.

அசனா குருவி பறந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடையும் ஏச்சும் எங்கட உம்மாவேதான்," என்றாள் கடைசியில். பிறகு சிரித்தாள், சிரித்துச் சிரித்து முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ஆரு இவவுக்கு இந்தப் பேர் வச்ச?"

"நான்தான்," என்றாள் சித்தி பரீதா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நல்லாத்தான் வச்சிருக்கிறீங்க, மதினி."

மதினி. அந்தச் சொல் உள்ளறைச் சன்னலுக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கே வளையல் சத்தம் கேட்டது. முஹம்மது தம்பி மறுபடியும் கதிரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்தால் இன்னொரு துண்டு என்றார். அந்த நேரத்திலும் அசனாவுக்கு ஒரு கண்டிசன் இருந்தது. எங்கள் குடி ஆள் பிள்ளை பெற்று இருக்கிற மரத்தில் ஒருவரும் கோடாலி வைக்கக்கூடாது. ஜெமீலுக்கும் நான் சொல்லிவைப்பேன் என்றாள். கலீலுர் றஹ்மான், மாப்பிள்ளைச் சாச்சி சொன்னால் தட்ட முடியுமா என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

கார் மறுபடியும் ஹோர்ன் அடித்தது. வாசல்வரை வந்த அசனாவுக்குத் திடீரென்று ஒன்று நினைவு வந்தது. வீடு பிள்ளைகளுக்கு, பின்பக்கத்தில் அந்த மரம் நிற்கும் இடம்தான் மிச்சம். கலியாணம் முடிந்தால் நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள்.

சித்தி பரீதா திரும்பிப் பார்த்தாள். இனிக் கட்டுகிற சின்ன வீடு அந்தத் தென்னையைச் சுற்றித்தான் வளைய வேண்டும். தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் விடிந்ததும் பொன்னாச்சி கொத்துவாள். பக்கத்தில் புருசன் முகத்தை ஒன்றும் அறியாதவர்போல வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறது, மதினி?" என்றாள். "பொன்னாச்சிட வளவுல நாங்க ரெண்டு பேரும் குடி."